இரண்டு துறைமுகங்கள் இருந்த காலம்

போன வாரம் என் தங்கை மகன் காட்டாங்குளத்தூர் கல்லூரியிலிருந்து ஒரு புதுப் பையோடு வந்தான். ஏதோ கருத்தரங்காம். பையின் மேல் நீல நிறத்தில் ஒரு கப்பல், அதற்குக் கீழே ‘போட்டியே வளர்ச்சி’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வாசகம். கொடுத்தது ஒரு துறைமுக நிறுவனம். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வாய் கொப்பளிக்க வேண்டியிருக்கும்.

"செம டாக், பெரியம்மா. அந்தக் கம்பெனிலேர்ந்து ஒரு சார் வந்து காம்பெடிஷன் பத்தி ஒரு மணி நேரம் பேசினாரு" என்றான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தேன். "என்னாச்சு பெரியம்மா?" என்றான். அவனிடம் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் போனை எடுத்துப் பார்ப்பான். நீங்கள் கேளுங்கள்.

அந்தப் பையில் மட்டமான ரெக்சின் வாசனை. நல்ல தோலின் வாசனை எனக்குத் தெரியும். தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த குரோம்பேட்டையில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே காபி குடித்தார்கள். "இங்க என்னங்க இப்படி நாறுது?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்க, என் அம்மா சீரியஸாக நாலு பக்கமும் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் நாறலையே" என்றாள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. நான் வேலைக்குப் போனேன்.

வேலை நாகல்கேணியில், அன்வர் பாயின் தோல் பைத் தொழிற்சாலையில். தொழிற்சாலை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். தகரக் கூரை போட்ட ஒரு நீளமான ஷெட். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைப்பார்கள். ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் பாயும் நானும். ஐரோப்பாவுக்குப் போகும் பைகளுக்கான ஏற்றுமதிக் காகிதங்களைத் தயார் செய்வது என் பொறுப்பு. கப்பலில் சரக்கு ஏறியதற்கான ரசீதுக்கு ‘பில் ஆஃப் லேடிங்’ என்று பெயர். முதல் வாரம் முழுக்க அதை ‘பில் ஆஃப் லேடீஸ்’ என்று டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் தைத்ததால் அப்படி ஒரு பெயர் என்று என் நினைப்பு. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை.

அப்போது எங்களுக்கு ஒரே துறைமுகம், ஊருக்குள் இருந்த பழைய துறைமுகம்தான். அதைப் புகழப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கை நீளும். எங்களுக்காகச் சுங்க வேலைகளைப் பார்த்த ஏஜெண்ட் செல்வம் ராயபுரத்துக்காரன், என் வயதுதான் இருக்கும். தினமும் போன் செய்வான். "அக்கா, இன்னிக்கும் கன்டெய்னர் பொட்டி உள்ள போவாது. வண்டி அப்டியே நின்னுகினு கீது." பாய் தலையில் கை வைத்துக்கொள்வார். "இது போர்ட் இல்லம்மா, பேஜாரு."

பிறகு வடக்கே கடற்கரையோரம் தனியார் துறைமுகம் ஒன்று வந்தது, இந்தப் பையைக் கொடுத்தவர்களுடையதுதான். டை கட்டிய இரண்டு பேர் இனிப்புப் பெட்டியோடு எங்கள் தகர ஷெட்டுக்கு வந்தார்கள். கட்டணம் கிட்டத்தட்ட பாதி. வரிசை கிடையாது, நீளும் கை கிடையாது. அதைவிட அதிசயம், பழைய துறைமுகத்திலிருந்தும் என்னைக் கூப்பிட்டார்கள்! "மேடம், உங்க கன்டெய்னர் உள்ள வந்தாச்சு, கவலைப்படாதீங்க" என்று ஒரு அதிகாரி பவ்யமாகச் சொன்னபோது ராங் நம்பரோ என்று சந்தேகப்பட்டேன். இரண்டு வருடம் அப்படி ஓடியது. திங்கட்கிழமை காலையில் இரண்டு இடத்துக்கும் போன் செய்து, எது தோதோ அங்கே பெட்டியை அனுப்புவேன். போட்டி என்றால் என்ன என்பதை நான் எந்தக் கருத்தரங்கிலும் கற்கவில்லை. அந்த அதிகாரியின் குரலில் இருந்த பயத்தில் கற்றேன்.

மூன்றாவது வருடம் டை கட்டியவர்கள் ஒரு ஒப்பந்தத்தோடு வந்தார்கள். மூன்று வருடத்துக்கு மொத்தச் சரக்கையும் எங்களிடமே கொடுங்கள், இன்னும் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். செல்வம் அன்றைக்கு நேரிலேயே வந்துவிட்டான்.

"அக்கா, பாய் நீ சொன்னாதான் கேப்பாரு. கையெழுத்து வாணாம். எல்லாரும் அங்க போய்ட்டா இங்க கப்பலே வராது. அப்பால அவன் வெச்சதுதான் ரேட்டு."

அவனுக்குப் பிழைப்பு போய்விடும் என்ற பயம், அதனால்தான் இப்படிப் பேசுகிறான் என்று நினைத்தேன். பாயிடம் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றேன். போட்டார். அதோடு நிற்காமல், டை கட்டியவர்கள் கேட்டுக்கொண்டதால் என்னுடைய மிகச் சிறந்த ஆங்கிலத்தில் ஒரு பாராட்டுக் கடிதம் வேறு எழுதிக் கொடுத்தேன். அந்தப் பூரிப்பை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

எல்லோரும்தான் போட்டார்கள். பழைய துறைமுகத்தில் கப்பல்கள் குறைந்தன. அங்கே பெட்டி ஏற்றும் தளத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். எங்கள் ஒப்பந்தம் முடிந்த வாரமே கட்டணம் ஏறியது. கூடவே வாயில் நுழையாத பெயர்களில் புதுப்புதுக் கட்டணங்கள். சரி, பழைய இடத்துக்கே போவோம் என்று அங்கே போன் செய்தேன். எடுத்த பெண்ணின் குரல் எங்கோ கேட்ட குரல். தனியார் துறைமுகத்தில் தினமும் என்னோடு பேசும் அதே பெண்.

"நான் பழைய போர்ட்டுக்குத்தானே போன் பண்ணேன்?" என்றேன்.

"அதுவும் நாங்கதான், மேடம்" என்றாள்.

வேறு பெயரில் ஒரு கம்பெனியை வைத்துக் குத்தகையை எடுத்திருந்தார்கள். பெட்டிகளை வைக்கும் யார்டுகளும் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்குப் போயிருந்தன.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் சரக்கு எங்களுக்குப் பெரியது. பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தைத்தார்கள். பெட்டி யார்டுக்குப் போனது, அங்கேயே நின்றது. பெரிய கம்பெனிகளின் பெட்டிகள் முதலில் ஏறின. கேட்டால் ‘சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது’ என்ற ஒரே பதில். பாய் நேரில் போனார். கண்ணாடிக் கட்டடத்தில் டோக்கன் கொடுத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பழைய போர்ட்ல திட்டுவான்மா, காசு கேப்பான். ஆனா நான் யாருன்னு தெரியும். இவங்களுக்கு நான் யாருன்னே தெரியல."

கப்பல் போய்விட்டது. பண்டிகை முடிந்து வரும் பை எதற்கு என்று வாங்குபவர்கள் கைவிரித்தார்கள். தைக்கும் பெண்களில் மூத்தவரான ஷகீலா அக்கா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று, "நம்ம பொட்டி போய்டுச்சா மேடம்?" என்று தினமும் கேட்டார். டைப் அடிப்பதுபோல் நடித்தேன். சில மாதம் கழித்து அந்தப் பைகளைத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். பிளாஸ்டிக் விரிப்பில் குவித்துப்போட்டு ஒருவர் கூவி விற்றுக்கொண்டிருந்தார்.

அரசாங்கத்திடம் புகார் கொடுத்தோம். விசாரணைக்குப் போனோம். அவர்களுடைய வக்கீல் மிக மரியாதையானவர். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். என் பாராட்டுக் கடிதம். என் ஆங்கிலத்தில் இருந்த இரண்டு பிழைகளைக்கூட அவர் திருத்திப் படித்தார். பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி முறைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் ஷெட்டை மூடினார்கள். ஷகீலா அக்கா பல்லாவரத்தில் துணிக்கடை வேலைக்குப் போனார். செல்வம் இப்போது கோவிலம்பாக்கத்தில் இருக்கிறான், கால் டாக்சி ஓட்டுகிறான். ஒருமுறை பார்த்தபோது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வுடுக்கா, எல்லாருந்தான் போட்டாங்க" என்று சிரித்துவிட்டு, என் வீட்டில் எல்லோரையும் பற்றி விசாரித்தான்.

நான் எங்கே போனேன் என்று கேட்கிறீர்களா? அந்தக் கம்பெனிக்கேதான். ஏற்றுமதிக் காகிதம் தெரிந்தவளுக்கு வேலை தர வேறு யார் மிச்சமிருந்தார்கள்? வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஐந்து வருடம். முதல் நாளே மேஜையில் ஒரு அட்டை ஒட்டியிருந்தார்கள், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று. "சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது சார்." ஒரு மாதத்தில் அட்டையைப் பார்க்காமலே சொல்லப் பழகிவிட்டேன். எனக்கு அந்தக் கம்பெனி மேல் இருக்கும் அருவருப்பில் பாதி என்னைச் சேர்ந்தது.

ஒருநாள் ஒரு பெண்மணி கூப்பிட்டார். சின்ன ஏற்றுமதியாளர், பல்லாவரம் பக்கம். பெட்டி யார்டில் நின்று பத்து நாள் ஆகிறது என்றார். அட்டையில் இருந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"சரிங்க. நான் வேற எங்க போகணும்னு நீங்களே சொல்லுங்க. அங்க போயிடுறேன்."

அதற்கு அட்டையில் பதில் இல்லை. பொத்தானை அழுத்தி அவரைக் காத்திருக்க வைத்தேன். மறுமுனையில் இசை ஓடும். போனில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. நெடுநேரம் காத்திருந்துவிட்டு அவரே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. அவர் பெயரில் ஒரு பெட்டியும் வரவில்லை. அலுவலகத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் என்ன அனுப்பிக்கொண்டிருந்தார் என்றுகூட நான் கேட்டுவைக்கவில்லை.