பெரிய கிராணி தலையை ஆட்டியது

"இந்தா பெரிய கிராணி, காலைக் காட்டு. சேத்தோட பாசாருக்கு வந்தா எவன்லா உன்னை வாங்குவான்?"

குழந்தையம்மாள் சேவலின் கால்களைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். சுங்கை சிப்புட் நகருக்கு வெளியே, துண்டுபோட்டு விற்கப்பட்ட ரப்பர் தோட்டத்தின் கடைசி லயத்து வீட்டு வரிசையில் அவள் வீடு. தோட்டத்தில் தன்னை விரட்டி வேலை வாங்கியவர்களின் பதவிகளை எல்லாம், தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி தொடங்கி, சேவல்களுக்குச் சூட்டியிருக்கிறாள். மண்டோர் போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் குழம்பாகிவிட்டது. தண்டல், அடைகாக்கும் பெட்டைகளிடம் வம்பு செய்வதால் தனிக்கூண்டில் கிடக்கிறது.

அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா பதக்கம். சேவலின் வயதைக் குறைத்துச் சொல்லும்போது மட்டும் அது முதுகுப் பக்கம் போய்விடும். "பொய்யி எனக்கும் வாங்குறவங்களுக்கும் உள்ளது. மாதாவை எதுக்குலா இழுக்கணும்?" என்பாள். சந்தையில் இது எல்லாருக்கும் தெரியும். அவள் வாயை யாரும் நம்புவதில்லை; கழுத்தைப் பார்த்துத்தான் பேரம் பேசுவார்கள்.

முனியாண்டி கோயில் பூசைக்குச் சேவல் கொண்டுபோகும்போதும் பதக்கம் முதுகுக்குத்தான் போகும். சேவல் கொடுப்பாள், கூட நின்று மசாலா அரைப்பாள், உப்புப் போதுமா என்று வாசனை பிடித்தே சொல்லிவிடுவாள். படையல் கறியை மட்டும் நாக்கில் வைக்கமாட்டாள். விற்பது தொழில், தின்பது பாவம் என்பது அவள் கட்சி. வேதக்காரியின் சேவலுக்குத்தான் கொழுப்பு அதிகம் என்பது தோட்டத்தாரின் கட்சி.

இப்போது கால் கழுவிக்கொள்ளும் பெரிய கிராணி புதியது. பழைய பெரிய கிராணியின் கதையை இந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள்.

போன ஆடியில் நடந்தது. எங்கோ தெற்கே பெரிய பண்ணைகளில் கோழிகள் மடிவதாகப் பத்திரிகையில் வந்தது. மறுநாள் அதே செய்தி இன்னும் கொட்டை எழுத்தில் வந்தது. நோய் கண்ட கோழி தலையை ஆட்டும், கழுத்தைத் திருகும் என்று படம் வேறு. மனிதருக்கும் வரலாம் என யாரோ சொன்னதாக ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். முனியாண்டி கோயில் பூசாரி பத்துமலைதான் காப்பிக் கடையில் எல்லாருக்கும் பத்திரிகை படித்துக் காட்டுபவர். அவர் அந்த 'யாரோ'வை விழுங்கிவிட்டு மீதியைப் படித்தார்.

அன்றோடு வியாபாரம் படுத்துவிட்டது. அவள் வீட்டைத் தாண்டும்போது ஆட்கள் மூக்கில் துண்டைக் கட்டினார்கள். பலாப்பழம் தின்று வயிறு உப்பிய ஒருவன்கூட அவள் கோழி மேல் பழியைப் போட்டான். கோயில் கூட்டத்தில் தீர்மானமே ஆயிற்று: ஒரு கோழி தலையை ஆட்டினாலும் அவள் கூண்டில் இருப்பது அத்தனையையும் புதைத்துவிட வேண்டும். குழியும் வெட்டிவிட்டார்கள். மறுநாள் காலை அவளுடைய பெட்டைகள் அதற்குள் இறங்கிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. பார்த்தவர்கள் சிரித்தார்கள். குழந்தையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சேவலுக்குப் பதிலாகப் பூசணிக்காய் வெட்டி ஆடிப் பூசையை முடித்துவிடலாம் என்றார் பத்துமலை. முதல் பந்தியை விடாத காளியம்மா எழுந்து, "முனியாண்டி எப்பலா சைவமானாரு?" என்று கேட்டாள். பத்திரிகையைவிட முனியாண்டியிடம்தான் எல்லாருக்கும் பயம் அதிகம். பழைய பெரிய கிராணி கோயிலுக்குப் போனது.

வெட்டுமுன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். சேவல் சிலிர்த்துத் தலையை ஆட்டினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். ஆட்டாவிட்டால் வெட்டக்கூடாது. பத்துமலை தெளித்தார். பெரிய கிராணி ஆட்டியதே ஓர் ஆட்டு! கூட்டம் வழக்கம்போல் குலவை போட்டது. பாதியில் எல்லாருக்கும் பத்திரிகைப் படம் ஞாபகம் வந்தது. குலவை நின்றது. முன்வரிசை பின்வரிசையை மிதித்தது. பத்துமலையின் கத்தி அந்தரத்தில் நின்றது.

"இது உத்தரவா, நோயா?" என்றார் பூசாரி.

குழந்தையம்மாள் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தாள். பத்துமலை திடுக்கிட்டுத் தலையை உதறினார்.

"பாருங்கலா! அண்ணனுக்கும் சாகிட்டு, கோழிச் சீக்கு! குழியை இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டுங்க."

பூசாரியே சிரித்துவிட்டார். கத்தி இறங்கியது.

ஆனால் சிரிப்பு இலை போடும்வரைதான். குழம்பு மணத்தது. சோறு ஆவி பறந்தது. உட்கார்ந்தவர்கள் கறியைச் சோற்றிலிருந்து ஒதுக்கி, பக்கத்து இலையை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். யார் கையும் வாய்க்குப் போகவில்லை. இந்தக் கறி அப்படியே மிஞ்சினால் நாளைக் காலை குழி நிரம்பிவிடும் என்று குழந்தையம்மாளுக்குப் புரிந்தது.

"சத்தியமா என் கோழிக்கு ஒண்ணும் இல்ல. சாப்பிடுங்க."

காளியம்மா அவள் கழுத்தைப் பார்த்தாள். வெறும் கயிறுதான் தெரிந்தது. "மாதா முதுகுல இருக்குலா, அக்கா. யாரு நம்புவா? நல்ல கோழின்னா நீயே மொதல்ல தின்னு."

பந்தி முழுவதும் கழுத்தை எக்கிப் பார்த்தது. முனியாண்டியும் மீசைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

குழந்தையம்மாள் காளியம்மாவின் இலைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதுகிலிருந்த பதக்கத்தை இழுத்து, எல்லாரும் பார்க்கும்படி நெஞ்சின் மேல் விட்டாள். வலக்கையால் தொடைக் கறியை எடுத்தாள். இடது கைப் பெருவிரலால் மாதாவின் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, ஒரு கடி கடித்தாள்.