காணாமல்போன ஓட்டு வீடுகள்

பிரெஞ்சுக் குடும்பங்கள் கப்பலேறிப் போன வருஷங்களில், அவர்கள் விட்டுச்சென்ற சாமான்களை நகரத்தில் ஏலம் விட்டார்கள். நாற்காலிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் கூட்டம் மொய்த்தது. நான் ஒரு பெட்டி ஈயச் சிப்பாய்களையும், சுண்ணச்சாந்தில் வார்த்த சில வீடுகளையும் எடுத்துக்கொண்டு பாகூருக்குத் திரும்பினேன். ஒவ்வொரு வீடும் உள்ளங்கை அளவு. ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் கொம்யூன் ஆபீசில் குமாஸ்தா வேலை முடிந்து வந்ததும், அணில் மயிர்த் தூரிகையால் ஓடுகளுக்குக் காவியும் சுவர்களுக்கு மஞ்சளும் பூசுவேன். போதாத வீடுகளை அட்டையில் வெட்டி ஒட்டினேன்.

இருநூறு வருஷத்துக்கு முன் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் எங்கள் ஊரில் மோதிய சண்டையைப் பலகைமேல் பரப்பி ஆடுவதற்குத்தான் இவ்வளவும். எதிராளி குருவிநத்தத்துக்காரர். எல்லைச் சாவடியில் சுங்கக் காவலராக இருந்து, சாவடியை எடுத்தபின் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறுதோறும் சைக்கிளில் வருவார். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு அத்தனை குச்சி தூரம் என்று ஆளுக்கொரு மூங்கில் குச்சியால் அளந்து சிப்பாய்களை நகர்த்துவோம்.

ஒரு டிசம்பரில் ஓட்டு வீடு ஒன்று காணாமல்போனது. அடுத்த வாரம் இரண்டு. பிறகு மேலும் இரண்டு. அவரைத் தவிர அந்த அறைக்கு வெளியாள் யாரும் வருவதில்லை. சாவடிக்காரருக்கு எதை எங்கே ஒளித்து வைக்கலாம் என்பது அத்துப்படி. அவருடைய காக்கிப் பை முன்பைவிடப் புடைத்திருப்பதாகத் தோன்றியது. ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் கிளம்பும்போது கேட்டுவிட்டேன்.

"அந்தப் பைய கொஞ்சம் காட்டுப்பா."

"இன்னாத்துக்கு?"

"வூடு அஞ்சு காணோம்."

அவர் பையைப் பலகைமேல் கவிழ்த்தார். சைக்கிள் பம்பு, ஈரத்துண்டு, வெற்றிலை. எல்லாவற்றையும் திரும்ப அள்ளிக்கொண்டு போனார். அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. முன்பே கொண்டுபோயிருக்கலாம் அல்லவா?

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குப் போனேன். கோயில் குடிலில், ஆடுகளுக்குப் பின்னால் என் ஐந்து வீடுகளும் வரிசையாக நின்றன.

"உங்கள கேட்டுட்டுதான எடுத்தேன்" என்றாள் மனைவி. "ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிச்சிகினே உம்னு தலையாட்டினீங்க."

பையைச் சோதித்த ஞாயிறன்று அவள் குடில் கட்டத்தான் போயிருந்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அன்று மத்தியானமே குருவிநத்தம் போனேன். அவர் மணிலாக் கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மடையை அடைத்து முடிக்கும்வரை என்னை வரப்பிலேயே நிற்க வைத்தார்.

"எனக்கும் உம்மேல சந்தேகம்தான்" என்றார் கடைசியில். "உன் குச்சி என்னுத வுட நீளம். ரெண்டு வருசமா பாக்குறேன். கேக்க மனசு வர்ல."

அப்படி இருக்காது என்றேன்.

பொங்கல் கழிந்து அவர் வந்தார். உட்காரும் முன் இரண்டு குச்சிகளையும் சேர்த்து வைத்தோம். என்னுடையது அரை விரற்கடை நீளம். இரண்டையும் வெட்டியவன் நான். தெரிந்து வெட்டினேனா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. பேனாக்கத்தியால் மிச்சத்தை நறுக்கிவிட்டு, சிப்பாய்களை அடுக்கச் சொன்னார்.