என் பல்லுக்குத் தைச்ச ஷூ

பிங்க் கலர் மாவு... புதினா வாசனை. அதை ஒரு இரும்புத் தட்டுல அப்பி, என் வாய்க்குள்ள வச்சு அமுக்கினார் டாக்டர். தொண்டை வரைக்கும் வழியுது. "மூக்கால மூச்சு விடும்மா, இதோ ஆச்சு"ன்னு சொல்லிட்டே இருக்கார். ஆகவே மாட்டேங்குது. கண்ணுல தண்ணி, தாடையில எச்சில்... மானமே போச்சு.

வேலூர்ல ஒரு பல் கிளினிக். ரெண்டாயிரம் பொறந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும். நான் அப்போ ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில, கம்ப்யூட்டர் டிசைன் செக்‌ஷன். எனக்கு முன்பல் தூக்கல். சிரிப்பு வந்தா வாய்க்கு முன்னாடி துப்பட்டா வந்துடும். வேலைக்குப் போனதும் முதல் காரியமா கிளிப் போடணும்னு வைராக்கியமா இருந்தேன்.

அடுத்த வாரம் போனா, என் பல்வரிசை வெள்ளை பிளாஸ்டர்ல டேபிள் மேல உட்கார்ந்திருக்கு. டாக்டர் பென்சிலால நாலு பல்லைக் குறிச்சார்.

"இந்த நாலையும் எடுத்தாத்தான் முன்னாடி இருக்கறது உள்ள போக இடம் கிடைக்கும்."

நாலும் நல்ல பல்லு! சொத்தை கூட கிடையாது!

"எடுத்தப்புறம் நான் எப்படி இருப்பேன் டாக்டர்?"

"நல்லா இருப்பம்மா."

அவ்ளோதான் பதில். அதைக் காட்ட அவர்கிட்ட ஒண்ணும் இல்ல, பாவம். எக்ஸ்ரே மேல டிரேசிங் பேப்பர் வச்சு, ஸ்கேல்ல கோடு போட்டுத்தான் கணக்கு பண்ணுவார். எடுத்துட்டு நல்லா இல்லேன்னா திருப்பி ஒட்டவா முடியும்? எனக்கு ஒரே பயம். சனிக்கிழமை வந்து சொல்றேன்னு எழுந்துட்டேன்.

கிளம்பும்போதுதான் அந்த யோசனை வந்துச்சு... ஷூவை லாஸ்ட்னு ஒரு பிளாஸ்டிக் கால் மேல இழுத்துத்தான் செய்வாங்க. எங்க கம்பெனியில அந்த லாஸ்டை மெஷின்ல மாட்டினா, ஒரு சின்ன உருண்டை அதைச் சுத்திச் சுத்தித் தடவும். வடிவம் அப்படியே ஸ்கிரீன்ல வந்துடும். ஆர்டர் கொடுக்கற வெளிநாட்டு பையர், ஷூவோட மூக்கு நீளமா இருக்குன்னு சொன்னா, நான் மவுஸால உள்ள தள்ளிடுவேன். மூக்கையே தள்றவ பல்லைத் தள்ள முடியாதா?

டாக்டர்கிட்ட அந்த பிளாஸ்டர் மாடலைக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே பேப்பர்ல சுத்திக் கொடுத்தார்.

சாயந்தரம் எல்லாரும் கிளம்பினதும் மாட்டினேன். அந்த உருண்டை பல்லுக்கு நடுவுல இருக்கற சந்துல போனாத்தானே! மேலாகத் தடவிட்டுப் போயிடுச்சு. ஸ்கிரீன்ல வந்தது பல்லே இல்ல, பன்னு. முன்னாடி கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். மெஷினுக்குத் தெரிஞ்சது காலுதானே... குதிகால்னு நினைச்சு கடவாப் பல்லையும் சேர்த்து இழுத்துச்சு. வெறுத்துப் போய், தள்ளினதைப் பழையபடியே ஆக்கி சேவ் பண்ணிட்டு, மாடலை மெஷின்லயே விட்டுட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினேன்.

சேவ் பண்ணது எங்கன்னா, வழக்கமா பண்ற சாம்பிள் ஃபோல்டர்ல!

புது டிசைனை முதல்ல தைச்சுப் பார்க்கற சாம்பிள் ரூம்லதான் எங்க செக்‌ஷனும். அங்க ஒரு பழக்கம் உண்டு. அந்த ஃபோல்டர்ல எது இருந்தாலும் காலையில முதல் வேலையா தோல் வெட்டித் தைச்சிடுவாங்க. கேள்வியே கிடையாது. பையர் அவசரம் அப்படி.

மறுநாள் ஒரு மணி நேரம் லேட்டா நான் உள்ள போறேன், பேட்டர்ன் மாஸ்டர் அன்சார் பாய் கையில உள்ளங்கை அளவுல ஒரு பிரவுன் தோல் தொப்பி. பொடித் தையல், அவ்ளோ நீட்டா.

"இன்னாம்மா இது? எந்த பையரு? கொழந்த ஷூவா? ஹீல் எது, டோ எதுன்னே தெரியல. காலைலேர்ந்து ஒரே பேஜாரு."

அதை வாங்கி மறைக்கக் கையை நீட்டினேன். அதுக்குள்ள யாரோ மெஷின்ல இருந்த மாடலைக் கொண்டாந்து, அந்தத் தோலை அது மேல மாட்டிட்டாங்க.

சிக்குன்னு உட்கார்ந்துச்சு.

ரூமே அந்தப் பல்லைப் பார்த்துச்சு... அப்புறம் மெதுவா என்னைப் பார்த்துச்சு. யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. இத்தனை நாளா நான் எதுக்கு பயந்தேனோ, அது டேபிள் மேல தோல் மாட்டிக்கிட்டு நிக்குது. பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

அன்சார் பாய் தலையில கை வச்சுக்கிட்டார். "யா அல்லா! இத்தினி வருஷ சர்வீஸ்ல பல்லுக்கு ஷூ தைச்சிட்டேனே!"

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ... வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன். மொத்த ரூமும் சிரிக்குது. துப்பட்டா ஞாபகமே வரல.

"நீ சிரிப்பியாம்மா? ஒரே ரூம்ல இருக்கோம், எனக்குத் தெரியவே தெரியாதே"ன்னார் பாய். கிண்டல் இல்ல, நெஜமாவே ஆச்சரியப்பட்டார்.

அந்த நிமிஷம் மனசு லேசாயிடுச்சு. இந்தப் பல்லையே எல்லாரும் பார்த்தாச்சு, இனி என்னன்னு, எடுத்தா எப்படி வருமோங்கற பயம் பாதி போயிடுச்சு. சனிக்கிழமை போய், "எடுத்துடுங்க டாக்டர்"னேன். நாலும் போச்சு. கிளிப் போட்டு, கம்பி முறுக்கி, வாயெல்லாம் புண்ணாகி... கடைசியில வரிசை வந்துச்சு. டாக்டர் சொன்ன மாதிரியே நல்லாத்தான் இருந்தேன்.

போன மாசம் என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். அதே வேலூர், வேற கிளினிக். மாவும் இல்ல, தட்டும் இல்ல. டார்ச் மாதிரி ஒண்ணை வாய்க்குள்ள சுத்தினாங்க, பல்லும் ஈறும் கலர்ல ஸ்கிரீன்ல வந்து நின்னுச்சு. ஒரு கிளிக்... "முடிஞ்சதும் இப்படித்தான் இருக்கும்"னு முத்து மாதிரி ஒரு வரிசை காட்டினாங்க டாக்டரம்மா.

எனக்குப் பொறாமையா இருந்துச்சு. இது மட்டும் அன்னைக்கு இருந்திருந்தா எத்தனை நாள் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்!

இவ என்னடான்னா கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "மேம், ஓரத்துல ஏறியிருக்கே, அந்த ஒரு பல்லை அப்படியே விட்டுடுங்களேன். அது இல்லேன்னா என்னை மாதிரியே இல்ல"ங்கறா.

டாக்டரம்மாவும் சிரிச்சுக்கிட்டே மவுஸால அதைப் பழைய இடத்துக்கு இழுத்து வச்சாங்க. இவளுக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து என் பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். ஸ்கூல் குரூப் போட்டோ, அக்கா கல்யாணம், கிறிஸ்துமஸ்... எல்லாத்துலயும் வாயை இறுக்கி மூடிட்டு நிக்கிறேன். பழைய பல்லோட சிரிக்கிற போட்டோ ஒண்ணு கூட இல்ல.

அந்தச் சிரிப்பைப் பார்த்தவங்க, அன்னைக்கு சாம்பிள் ரூம்ல இருந்தவங்க மட்டும்தான்.