கச்சான் காற்றில் முப்பது கேள்விகள்

வாவியைக் கடக்கும் தட்டை மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். சண்டைக் காலத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போனவர்கள் காலையில் அதில்தான் போனோம். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் வரைபடம் கீறுகிறவள். என்னோடு வருகிற அக்கா காணிப் பத்திரங்கள் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் தட்டெழுதுகிறவர், நாற்பதைத் தொட்டிருந்தார். இருபது வருடமாக அடுத்தவர்களின் காணி உறுதிகளைத் தட்டியவருக்குச் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுத ஆசை வந்தது.

அவர் தயாராக வேண்டியவற்றை நான் பட்டியல் போட்டேன். ஒன்று, மொழி. இரண்டு, பொது அறிவு. மூன்று, நேரம். மூன்றாவதுதான் சிக்கல். என் கைக்கடிகாரம் ஓய்ந்து கிடந்தது. பற்றரி எதையும் சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுவர விடமாட்டார்கள். அதனால் கந்தோரில் சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்றை இரவல் வாங்கி, சித்திரையில் மூன்று காலை அளந்தேன். வாவியைக் கடக்க இருபத்தைந்து நிமிடம். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கடவைக்குள்ளும் அக்கா பழைய வினாத்தாளில் முப்பது கேள்வி முடிப்பது என்று வைத்தோம்.

அந்தக் காலைகள் நடந்தவைதானா என்று சில வேளை தோன்றும். தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். கோல் ஊன்றும் சத்தம், கோலிலிருந்து சொட்டும் சத்தம், அக்காவின் பென்சில். நாங்கள் அசைவதே தெரியாது. அக்கரைக் கண்டல் மரங்கள்தான் மெல்ல எங்களை நோக்கி வரும்.

"லோயரம்மா, காலத் தூக்குங்க, தண்ணி ஏறுது" என்பார் பாதைக்காரர்.

"ஓட்டைப் பாதை ஓட்டினதுக்கு முதல் வழக்கு உங்களுக்கு மேலதான்" என்பார் அக்கா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வைகாசி போனதும் அக்கா பின்தங்கினார். முப்பது இருபத்திரண்டாயிற்று, பிறகு பதினெட்டு. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளுக்கு முதல்நாள், நிரப்பிய படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"கிழிச்சுப் போடு புள்ள. மூளை மந்தமாப் போச்சு. இனி ஏலா."

நான் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். தலைமயிர் முகத்துக்கு முன்னால் பறந்தது. பாதைக்காரர் கோலைப் படுக்கவைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று முதுகில் தள்ள, பாதை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றே கடிகாரத்தை மறுபடி இரவல் வாங்கினேன். மறுநாள் காலை அளந்தேன். பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடத்தில் பதினெட்டு. சித்திரையில் எழுதிய அதே வேகம்.

"அப்ப நான் மந்தமில்லையா?"

"இல்லக்கா. காத்துத்தான் அவசரப்பட்டிருக்கு. பிழை என்ட கணக்கில."

"படிச்ச புள்ள எண்டு நம்பினன் பாரு!" என்று என் தலையில் குட்டினார்.

"காத்தப் பத்தி என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்றார் பாதைக்காரர்.

அன்று மத்தியானம் தபாற்கந்தோரில் படிவத்தைப் பதிவுத் தபாலில் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

கொழும்பில் பரீட்சை எழுதிவிட்டு வந்தவரைத் துறையடியில் கண்டதும், எப்படி என்று கேட்டேன். தண்ணீரைக் கையால் காட்டினார்.

"மண்டபத்தில கடைசிக் கேள்வியும் முடிச்சு நிமிந்து பாத்தன் புள்ள. பாதை இன்னும் நடு வாவியிலதான் நிண்டது."