சிலிண்டர் ஸ்பேனர்

டாக்டர் ஐயா, கம்பவுண்டர், நர்சம்மா, வார்டு கூட்டும் அம்மா, ஸ்ட்ரெச்சர் தூக்கும் நான். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. மதியம் தாண்டியிருந்தது. செஞ்சியில் அப்போது இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இன்று அது இல்லை.

அன்று காலை தொண்டூர்ப் பக்கமிருந்து ஒருவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். கிணற்றுக்குள் ஆயில் இஞ்சின் ஓடும்போது உள்ளே இறங்கியிருக்கிறார். புகையில் மூச்சு முட்டி விழுந்துவிட்டார். அவர் பெண்சாதி வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றாள். அழக்கூட இல்லை.

டாக்டர் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். சிலிண்டர் இருந்தது. அதைத் திறக்கும் ஸ்பேனர் இல்லை. நர்சம்மா அலமாரியையே புரட்டிப் போட்டார். டாக்டர் கையால் மார்பை அமுக்கி அமுக்கி மூச்சு வரவழைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்பேனர் எங்கே என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் பின்பக்கத்து அடிபம்பில் நட்டு கழன்றது. அந்த ஸ்பேனர்தான் அதற்குப் பொருந்தும். யாரிடமும் சொல்லாமல் எடுத்துப்போய் முடுக்கினேன். பம்பு மேடையிலேயே மறந்து வைத்துவிட்டேன்.

ஓடினேன். எடுத்து வந்து, "கட்டிலுக்கு அடியில கெடந்துதும்மா" என்று நீட்டினேன்.

மதியம் அவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

உயிருக்குப் போராடிய கேஸ் முடிந்தால் டாக்டர் ஆட்களை உட்காரவைப்பார். அவரவர் செய்ததை அவரவர் சொல்ல வேண்டும். அன்றுதான் முதன்முதலாகக் கூட்டும் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார்.

"அதான் பொழச்சிட்டான் இல்ல சார், இன்னும் இன்னா பேச்சு?" என்று கம்பவுண்டர் சிரித்தார். "இவன் இன்னாத்த சொல்லுவான்? தூக்கினேன், எறக்கினேன்னுவான்."

"பொழச்சதாலதான் நிதானமா பேசலாம்" என்றார் டாக்டர்.

நர்சம்மா முதலில் பேசினார். "ஸ்பேனர் என் பொறுப்பு ஐயா. நான்தான் எங்கியோ போட்டுட்டேன். எழுதிக்குங்க." வேலைக்கு வந்து நாலு மாதம்தான்.

எனக்கும் நிரந்தர வேலை இல்லை. வாய் திறந்தால் போய்விடும். கூட்டும் அம்மா என்னையே பார்த்தார். காலையில் அந்தக் கட்டிலுக்கு அடியில் கூட்டியவர் அவர். அங்கே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

எழுந்தேன். "நர்சம்மா மேல தப்பில்லீங்க ஐயா. பம்புக்கு நான்தான் எடுத்துனு போனேன். கட்டிலுன்னு சொன்னது பொய்."

"அடப்பாவி" என்றார் கம்பவுண்டர்.

டாக்டர் திட்டவில்லை. "பம்பு மேடையிலேர்ந்து சிலிண்டர் வரைக்கும் நடந்து எத்தன தப்படின்னு எண்ணிட்டு வாப்பா" என்றார்.

போய் எண்ணி, வந்து சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார். என் பெயரை எழுதவில்லை. மறுநாள் ஸ்பேனரைச் சிலிண்டரோடு சங்கிலி போட்டு நானே கட்டினேன். பம்புக்கு வேறொன்று வந்தது. யாருக்கும் வேலை போகவில்லை.

சக்கரத்தைப் பிடித்து நின்ற அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. அவள் புருஷன் மூச்சுக்கும் என் மறதிக்கும் நடுவே இருந்த தூரத்தை இன்றும் நடக்கும்போது கால் தானாக எண்ணுகிறது.

நூற்றுப் பதினான்கு தப்படி.