பதினாலாம் இலக்கத்துக்குப் போடாதேங்கோ

தேர்தல் காலத்தில் பெண்சாதிமார் வீடு வீடாகப் போய்ப் புருஷனுக்கு வாக்குக் கேட்பதைத் திருகோணமலை பலமுறை கண்டிருக்கிறது. புருஷனுக்கு மட்டும் போடவேண்டாம் என்று ஒருத்தி வெயிலில் அலைந்ததை அந்த ஊரின் லிங்கநகர்ப் பகுதி ஒரே ஒரு தடவைதான் கண்டது. அது தொண்ணூற்றுநான்காம் ஆண்டு நகரசபைத் தேர்தல். அலைந்தவள் கமலேஸ்வரி, சைக்கிள் கடை யோகலிங்கத்தின் மனைவி. அவளுக்குக் கிறுக்கு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சொன்னவர்களுக்குத்தான் கிறுக்கு.

கடை என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கூரை, ஒரு பம்ப், தண்ணீர் நிரப்பிய ஒரு பழைய தாச்சி, ஆணிகளில் தொங்கும் டயர்கள். யோகலிங்கம் சில்லு நெளிவெடுப்பார், கமலேஸ்வரி ட்யூப் ஒட்டுவாள். அவர் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதற்குள் அவள் ஒரு ட்யூபை ஒட்டி, காற்றடித்து, வந்தவரின் வீட்டுப் புதினம் முழுவதையும் கேட்டு முடித்திருப்பாள். மகள்மார் இருவரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது இவர்கள் இருவரும், கடையும், கடைக்கு எதிரே தெருவுக்கெல்லாம் பொதுவான தண்ணீர்க் குழாயும்தான்.

அந்தப் பைப்படியில்தான் யோகலிங்கத்தின் பெயர் கெட்டது, அல்லது ஏறியது, எப்படியும் சொல்லலாம். தொண்ணூறில் சண்டை மூண்டபோது குடாக்கடலின் அந்தக் கரையிலிருந்து சனம் கிளம்பி வந்து, தெருக்கோடி வளவில் ஓலைக் கிடுகால் மறைத்து முகாமாகக் குடியிருந்தது; தெரு அதைக் காம்பு என்றது. தண்ணீர் வருவதோ காலையில் கொஞ்ச நேரம். "முதல்ல ஊராக்கள், மிஞ்சினா அகதியள்" என்று தெரு தீர்ப்புச் சொன்னது. மிஞ்சினால்தானே! யோகலிங்கம் கடையை விட்டு எழுந்து போய்க் குழாயடியில் நின்றார். "ஊருக்கு ஒரு குடம், காம்புக்கு ஒரு குடம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஒருவன் செம்பால் எறிந்ததில் புருவம் கிழிந்தது. துடைத்துக்கொண்டு மறுநாளும் நின்றார். பிறகு தெருவே அந்த முறைக்குப் பழகிவிட்டது.

அந்த நாட்களில் ஒருமுறை கமலேஸ்வரி, நம்முடைய ஆள்தானே நிற்கிறார் என்ற துணிவில், இரண்டு குடத்தோடு நடுவில் புகுந்தாள். ஊர் பார்த்திருக்க அவளைக் கடைசிக்கு அனுப்பினார் மனுசன். அவள் அவரோடு கதைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். உள்ளே பெருமை பொங்கியது. அதை அவருக்குக் காட்டினால் தன் மதிப்பு என்னாவது?

இப்படிப்பட்ட மனுசனைத் தேடித்தான் ஞானசேகரம் மாஸ்ற்றர் ஒரு பின்னேரம் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், தங்கமான மனிதர், காதுதான் மந்தம். சிலரைச் சேர்த்துச் சுயேச்சைக் குழுவொன்று அமைத்திருந்தார். சின்னம், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தல். மறுநாள் மத்தியானத்தோடு வேட்புமனு எடுப்பது முடிகிறது.

"ஒரு பேர் குறையுது, யோகலிங்கம். ஒண்டு குறைஞ்சாலும் எல்லாத்தையும் தள்ளிப்போடுவாங்கள். நீங்கள் வெல்லத் தேவையில்லை, மேடை ஏறத் தேவையில்லை. சும்மா ஒரு கையெழுத்து."

யோகலிங்கம் தலையைச் சொறிந்தார். கையில் ட்யூபோடு இருந்த கமலேஸ்வரிதான் முந்திக்கொண்டாள். "போட்டுவிடுங்கோவன். எங்கட பிள்ளையளுக்குப் படிப்பிச்ச மாஸ்ற்றர் வாசலில வந்து நிக்கிறார்."

அவரும் போட்டார். வேலியால் போன ஓணானை எடுத்து மடியில் கட்டியவள் அவளேதான். அதைப் பிற்பாடு நினைத்து நினைத்துத் தன் தலையில் எத்தனை தடவை அடித்துக்கொண்டாளோ.

பட்டியலில் அவருக்குப் பதினாலாம் இலக்கம் கிடைத்தது. இரண்டு கிழமை கழித்து, அவர் சாமான் வாங்கச் சந்தைப் பக்கம் போயிருந்த நேரம், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் காற்றடிக்க வந்தார்கள். சில்லில் காற்று நிறையவே இருந்தது. ஒருவன் அவளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, அண்ணைக்கு இந்த எலெக்சன் எல்லாம் ஒத்துவராது. சொல்லிவையுங்கோ."

"பேர் குடுத்தாச்சு தம்பி. இனி எடுக்க ஏலாதாம்."

"அப்ப வெல்லாமல் பாத்துக்கொள்ளுங்கோ." சிரித்த முகத்தோடுதான் சொன்னான்.

அவர்கள் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் தோளில் துவக்கு மாட்டித் திரிந்தவர்களுக்குக் குறைவில்லை. துவக்கைப் பார்த்து நீ எந்தப் பக்கம் என்று கேட்டவர்களும் இல்லை. போன கிழமைதான் இன்னொரு ஊரில், தேர்தலுக்கு நின்ற ஒருவரை, சைக்கிளில் போகும்போது பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டிருந்தார்கள். அவர் வந்ததும் சொன்னாள். அவர் ஆறுதலாக இருந்து வெற்றிலை போட்டார்.

"நான் எங்க வெல்லப் போறன், கமலா? என்னை ஆருக்குத் தெரியும்?"

ஆருக்குத் தெரியும் என்பது அவளுக்கல்லவா தெரியும். ட்யூப் ஒட்ட வருகிறவர்கள் எல்லாம் பதினாலு, பதினாலு என்று சொல்லிவிட்டுப் போகத் தொடங்கி நாளாயிருந்தது.

அதனால்தான் அவள் கடையை அவரிடம் விட்டுவிட்டு, தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, படலை படலையாக ஏறினாள். வாக்கு முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலில் சின்னத்துக்கு நேரே ஒரு பெருக்கல் குறி, அதுதான் புள்ளடி, பிறகு அந்தச் சின்னத்தில் நிற்பவர்களில் விரும்பியவர்களுடைய இலக்கங்கள், மூன்று பேர்வரை. "கேத்தலுக்குப் போடுங்கோ, மாஸ்ற்றருக்குப் போடுங்கோ. பதினாலாம் இலக்கத்துக்கு மட்டும் போடாதேங்கோ" என்றாள். உண்மைக் காரணத்தைச் சொல்ல வழியில்லை. சொன்னால் அடுத்த சந்தியில் அது அந்த இருவரின் காதுக்கும் போகும். ஆகையால் அவரைப் பற்றி உள்ள குறையெல்லாம் சொன்னாள்.

பக்கத்து ஒழுங்கை நல்லம்மாவின் வீட்டில் நடந்ததைச் சொன்னால் போதும், மற்ற வீடுகளும் அதேதான்.

"அந்த மனுசனுக்குக் கதைக்கத் தெரியாது, நல்லம்மா. நகரசபைக்குப் போறவருக்கு வாய் வேணும்."

"கதைக்கிற ஆக்களை நாங்கள் கனக்கக் கண்டாச்சு" என்றாள் நல்லம்மா, அரிசி புடைத்தபடி.

"சொந்தப் பெண்சாதிக்கே உதவி செய்யாத ஆள். பைப்படியில என்னையே திருப்பி அனுப்பினவர். உனக்கோ செய்யப்போறார்?"

நல்லம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டாள். "அடி விசரி! அதுக்காகத்தானே போடப்போறம்!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். மற்ற வேட்பாளர்கள் சுவரொட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழித்துக்கொண்டிருக்க, யோகலிங்கத்துக்கு ஒரு சல்லிச் செலவில்லாமல் வீட்டுக்கு வீடு விளம்பரம். புருஷனைப் போலவே மனைவிக்கும் எவ்வளவு அடக்கம் என்று ஊர் மெச்சியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவள் திரும்பி வந்து, தாச்சித் தண்ணீரில் ட்யூபை அமுக்கிக் குமிழி தேடுகிற சாட்டில் அழுதாள்.

அழுது முடிந்தபின் ஒன்று உறைத்தது. ஊரை மறிக்க முடியாது, தன் கையை மறிக்கலாம். அவளுக்கும் ஒரு வாக்கு உண்டு, மூன்று இலக்கம் உண்டு. மாஸ்ற்றருக்கு ஒன்று. மற்ற இரண்டுக்கும் மாஸ்ற்றரின் பட்டியலிலேயே நல்ல ஆட்களாகத் தேடினாள். மரக்காலை வைத்துப் பலகை விற்கிற இரத்தினசிங்கம் இருந்தார். லிங்கநகருக்கு வழி எது என்றே இந்தத் தேர்தலில்தான் அவர் விசாரித்து அறிந்தார் என்பது கேலி அல்ல, வழி காட்டியதே அவள்தான். பேணாட் இருந்தான், நல்ல பிள்ளை. ஆனால் கடைசியாகக் கதைத்தவர் சொன்னதே அவனுக்கு வேதம். இப்படி ஒவ்வொருவரையும் அவள் மனதில் கொண்டுபோய் அந்தப் பைப்படியில் நிறுத்திப் பார்த்தாள். செம்பு பறந்து வந்தால் யார் நிற்பார், யார் ஓடுவார்? யாரை நிறுத்தினாலும் கொஞ்ச நேரத்தில் அவர் போய், அந்த இடத்தில் புருவத்தில் தழும்போடு தன்னுடைய ஆளே நின்றார். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. நல்லவனைக் கட்டியது இவ்வளவு பெரிய தொல்லையாகும் என்று யார் கண்டது?

வாக்களிப்பு நாளன்று காலை, வேறு இலக்கங்களைத் தீர்மானித்துக்கொண்டே தண்ணீருக்குப் போனாள். அவளுக்கு முன்னால் காம்பிலிருந்து வந்த திரேசம்மா நின்றாள். அந்தக் கரையில் இருக்கிற இலங்கைத்துறைக்காரி. அங்கே கடலும் வள்ளமுமாக இருந்தவள், இங்கே ஒரு குடத்துக்குக் காத்து நிற்கிறாள்.

"வோட்டுப் போடப் போகேல்லையோ அக்கா?" என்று கேட்டாள் திரேசம்மா.

"போகத்தான் வேணும். நீங்கள்?"

"எங்களுக்கு இஞ்ச ஏது வோட்டு? எங்கட பேரெல்லாம் அந்தக் கரையில கிடக்குது. ஊருக்குப் போகவும் ஏலாது, இஞ்ச போடவும் ஏலாது." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னாள்: "யோகலிங்கம் அண்ணைக்கு நீங்க போடக்குள்ள, எங்கட வோட்டும் அதுக்குள்ள எண்டு நினைச்சுப் போடுங்க."

கமலேஸ்வரி தன் குடத்தைக் குழாயின் கீழே தள்ளி, அது நிரம்பி வழியும்வரை அவள் போன திசையைப் பார்த்து நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் வரிசை மதில்வரை நீண்டிருந்தது. பொலிஸ்காரர் நின்றார்கள், மதிலுக்கு வெளியே ஆமியும் நின்றது. சின்ன விரலில் மை பூசினார்கள். அட்டைத் தட்டி மறைவுக்குள் போய் நூலில் கட்டிய பென்சிலை எடுத்தாள். கேத்தலுக்குப் புள்ளடி போட்டாள். மாஸ்ற்றரின் இலக்கத்துக்குப் போட்டாள். அதற்குமேல் கை ஓடவில்லை. பதினாலு என்ற எண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதில் போட்டால் அவரைத் தன் கையாலேயே பின்னால் வருகிற மோட்டார் சைக்கிளுக்குக் காட்டிக்கொடுப்பதாகும். போடாமல் விட்டால், தெருக்கோடியில் கிடக்கிற அத்தனை சனத்துக்கும் தன் பயத்தால் ஒரு கதவைச் சாத்துவதாகும். "என்னம்மா சுணக்கம்?" என்று வெளியே ஒரு குரல் கேட்டது. கண்ணை மூடாமல், நன்றாகப் பார்த்து, பதினாலுக்குப் புள்ளடி போட்டாள். வேறு யாருக்கும் போடவில்லை. பெட்டியில் போட்டுவிட்டு, யாரையும் பாராமல் வெளியே வந்தாள்.

வீட்டில் அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

யோகலிங்கம் வென்றார். சும்மா ஒரு கையெழுத்துப் போட்டவர், பெரிய பெரிய ஆட்களைத் தாண்டி வந்திருந்தார். செய்தியோடு மாஸ்ற்றர் ஓட்டோவில் வந்து இறங்கினார். ஆமியின் காவலரணான சென்றிக்குப் பயந்து யாரும் வெடி கொளுத்தவில்லை, தெரு கையைத் தட்டியது. காம்புச் சனம் குடங்களைத் தட்டியது. யோகலிங்கம் ஒரு டயர் அடுக்கின்மேல் அப்படியே இருந்துவிட்டார். அவர் பார்வை கமலேஸ்வரியின் முகத்தைத் தேடியது. அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

சபை முதன்முதல் கூடுகிற நாள். வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாக அவர் சைக்கிளை எடுத்துத் தெருவுக்கு உருட்டினார். கமலேஸ்வரி கடைப் பலகைகளைப் போட்டுப் பூட்டிவிட்டு, நல்ல சேலை உடுத்து, வந்து பின் கரியரில் ஏறி இருந்தாள்.

"எங்க வாறீர்?"

"நகரசபைக்கு."

"பெண்சாதியைக் கூட்டிக்கொண்டோ கூட்டத்துக்குப் போறது? சனம் சிரிக்கும், கமலா."

"சிரிக்கட்டும். நான் உள்ளுக்கு வரமாட்டன். வாசலில இருப்பன். முடிய உங்களோடயே வருவன்." கரியரை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சுடுறவங்கள் பின்னாலதான் வாறவங்கள். முதல்ல என்னைத் தாண்டட்டும்."

யோகலிங்கம் சைக்கிளை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதை அவள் அன்றுதான் கண்டாள். "இறங்கும். இது நான் போட்ட கையெழுத்து. நீர் ஏன் பழி சுமக்கிறீர்? வேண்டாம் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனீர்தானே."

"சொன்னனான். உங்கட மனுசியாச் சொன்னனான். உள்ளுக்குப் போய்ப் பென்சிலை எடுத்தாப் பிறகு, போடுறதுக்கு வேற ஒருத்தரையும் காணேல்லை." அவள் மை மங்காத சின்ன விரலைத் தூக்கி அவருக்குக் காட்டினாள். "பதினாலுக்குப் போட்டது நான். பின்னால இருக்கிறதும் நான்தான். மிதியுங்கோ, நேரம் போகுது."

அவர் மிதித்தார். சென்றியில் இருவரும் இறங்கி நடந்து, தாண்டியதும் அவள் மறுபடி ஏறிக்கொண்டாள். முதல் கிழமை சனம் சிரிக்கத்தான் செய்தது. அந்த மோட்டார் சைக்கிளும் இரண்டொரு தடவை மெதுவாக ஒட்டி வந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை, அவர்களை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், அது போய்விட்டது. ஏன் போனது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சபையின் காலம் முடியும்வரை யோகலிங்கம் ஒரு கூட்டத்துக்கும் தனியாகப் போகவில்லை.