நான் விற்ற வான்

என் பழைய வான் வண்டி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். அதைத் தள்ளித் தள்ளியே என் தொந்தி வற்றியது என்று ஊரில் கதை.

அதை வாங்க இலங்கைத்துறையிலிருந்து ஒரு மீனவர் வந்தார். வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். பேசுமுன் தொண்டையைச் செருமுவார். பல நேரம் அதோடு பேச்சும் முடிந்துவிடும்.

"என்ர மனிசியைக் கிழமைக்கு ரெண்டு தரம் ரத்தம் சுத்தம் பண்ணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும். வழியில நிக்காதுதானே, தம்பி?"

"குதிரை மாதிரி ஓடும், அண்ணை," என்றேன். நொண்டிக் குதிரை என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு வருடம் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். போன மாதம் துறைமுகப் பக்கம் மீன் சந்தையில் வசமாக மாட்டினேன். ஏச்சு விழப்போகிறது என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"மனிசி போயிட்டா, தம்பி."

தலையை நிமிர்த்தினேன். "வான் வழியில நிண்டதாலயோ, அண்ணை?"

"சீச்சீ, ஆஸ்பத்திரியிலதான்." செருமினார். "வான் நிக்காத நாளில்லை. எஞ்சின் சூடு ஆறட்டும் எண்டு ரெண்டு பேரும் மரத்துக்குக் கீழ இருப்பம். முப்பது வருசம் கடலுக்குப் போறதும் வந்து படுக்கிறதும்தான். அவவோட மனம்விட்டுக் கதைச்சது அந்த மரங்களுக்குக் கீழதான்."

"இனி வானை விக்கப் போறியளோ?"

"இல்லை. மருமகன் எஞ்சினைத் திருத்திப்போட்டான். இப்ப எங்கயும் நிக்குதில்லை," என்றார், ஏதோ குறை சொல்வதுபோல.

அந்த வான் ஒழுங்காக ஓடுகிறது என்று ஒருவராவது சொல்லமாட்டாரா என எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன். அன்று அதைக் கேட்டுக்கொண்டு நிற்க ஏலாமல், வாங்க வந்த மீனையும் வாங்காமல் வீட்டுக்குப் போனேன்.